ஸ்போர்ட்ஸ்லயும் டூரிசத்துலயும் பிஎச்டின்னா உள்ள என்னதான் பண்றாங்க?

ஸ்போர்ட்ஸ் சயின்ஸ்ல பிஎச்டி பண்றேன்னு ஒருத்தர் சொன்னா நம்ம ஊர்ல வர்ற மொத கேள்வி "அப்ப நீங்க எந்த கேம், ஸ்டேட் ஆடிருக்கீங்களா?", டூரிசத்துல பிஎச்டின்னா "ஊர் சுத்தறதுக்கெல்லாம் டாக்டர் பட்டமா"ன்னு ஒரு சிரிப்பு. கேக்கறவங்களையும் தப்பு சொல்ல முடியாது, கெமிஸ்ட்ரில ஆராய்ச்சின்னா லேப், ஹிஸ்டரில ஆராய்ச்சின்னா கல்வெட்டுன்னு மனசுல ஏதோ வருது, விளையாட்டுல ஆராய்ச்சின்னா விசிலோட நிக்கற பிடி சார்தான் வர்றாரு. அதனால இந்த ஏரியாவுல பிஎச்டின்னா என்ன மாதிரி கேள்வி கேக்கறாங்க, அதுக்கு எப்படி பதில் தேடறாங்க, எது உருப்படியான ஆராய்ச்சி எது ஒப்புக்கு பண்றதுன்னு பேஸிக்ல இருந்து எழுதறேன். டிகிரி முடிச்சுட்டு அடுத்து என்னன்னு யோசிக்கறவங்களுக்கும், வீட்ல யாராவது இதுல சேந்திருந்தா "என்னமோ படிக்கறான்"னு இருக்கறவங்களுக்கும்.

மொதல்ல விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியல், டூரிசம் இந்த மூணையும் ஏன் ஒண்ணா சொல்றாங்கன்னு பாத்துடுவோம். பிரிட்டன்ல நிறைய யுனிவர்சிட்டில இதெல்லாம் ஸ்கூல்னு சொல்ற ஒரே பிரிவுக்கு கீழ இருக்கும், ஒருத்தர் ஓட்டக்காரங்களோட ரத்தத்துல லாக்டேட் (கடுமையா ஓடும்போது ரத்தத்துல கூடற ஒரு பொருள்) அளந்துட்டு இருப்பாரு, பக்கத்து ரூம்ல ஒருத்தங்க ஒலிம்பிக்ஸ் நடந்த ஊருக்கு அப்பறம் என்ன ஆச்சுன்னு பேட்டி எடுத்துட்டு இருப்பாங்க. இந்தியால இது தனித்தனி. டூரிசம் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் பக்கம் போயிடும், விளையாட்டு பிசிகல் எஜுகேஷன் பக்கம். பிசிகல் எஜுகேஷன்ல நமக்கு பழைய வரலாறே இருக்கு, நந்தனத்துல இருக்கற ஒய்எம்சிஏ காலேஜை ஹாரி குரோ பக் ஆரம்பிச்சது 1920ல, ஆசியாவுலயே மொத உடற்கல்வி காலேஜ்னு அதைத்தான் சொல்றாங்க. இப்ப மேலக்கோட்டையூர்ல இதுக்குன்னே தனியா ஒரு யுனிவர்சிட்டி இருக்கு, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம்.

சரி, பிஎச்டின்னா என்ன. எம்ஏ எம்எஸ்சி எம்பிஎட் வரைக்கும் மத்தவங்க கண்டுபிடிச்சதை நாம படிக்கறோம். பிஎச்டில இதுவரைக்கும் யாரும் காட்டாத ஒரு விஷயத்தை நாம காட்டணும், சின்னதா இருந்தாலும் பரவால்ல ஆனா புதுசா இருக்கணும், அதை தெரிஞ்சவங்க முன்னாடி உக்காந்து அவங்க கேக்கற கேள்விக்கெல்லாம் நின்னு பதில் சொல்லணும். அந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான் வேற வேற ரூபத்துல வரும்: "நீ சொல்ற காரணம் சரி, வேற காரணமா இருக்கலாமே?" இந்த ஒரு கேள்விக்கு பதில் ரெடி பண்றதுலதான் மூணு நாலு வருஷம் போகுதுன்னு சொன்னா மிகையில்ல. லேப்ல பண்ணாலும் சரி, மகாபலிபுரத்துல கடை கடையா ஏறி பேட்டி எடுத்தாலும் சரி.

இதை புரிஞ்சுக்க எனக்கு தெரிஞ்ச சிறந்த உதாரணம் லண்டன் பஸ். (இது ஒருத்தரோட பிஎச்டி கிடையாது, பெரிய டீம் பண்ண வேலை, ஆனா எக்சர்சைஸ் சயின்ஸ்ல வர்ற எந்த ஸ்டூடண்டும் மொத வருஷமே இதை கேள்விப்பட்டிருப்பாங்க.) ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச சமயத்துல பிரிட்டன்ல மாரடைப்பு ஏறிட்டே போகுது, ஏன்னு யாருக்கும் தெரியல. ஜெரி மாரிஸ்னு ஒரு டாக்டர் எந்த வேலை பாக்கறவங்களுக்கு எவ்வளவு வருதுன்னு பாக்க ஆரம்பிச்சாரு. லண்டன் டபுள் டெக்கர் பஸ்ல டிரைவர் ஷிஃப்ட் முழுக்க உக்காந்தே இருக்காரு, கண்டக்டர் டிக்கெட் குடுக்க நாள் முழுக்க மேல கீழ மேல கீழன்னு படி ஏறி இறங்கறாரு, தினம் 500ல இருந்து 750 படி. ரெண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே ரோடு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி குடும்ப பின்னணி. 35ல இருந்து 64 வயசு வரைக்கும் இருந்த சுமார் 31,000 பேரோட விவரத்தை எடுத்து பாத்தா கண்டக்டர்களுக்கு மாரடைப்பு தெளிவா கம்மி, வந்தாலும் அதோட தீவிரம் கம்மி. 1953ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. தபால் துறையிலயும் அதே கதை, நடந்தும் சைக்கிள்லயும் போன போஸ்ட்மேனுக்கு கம்மி, சீட்ல உக்காந்து வேலை பாத்த கிளார்க்குக்கும் டெலிபோன் ஆபரேட்டருக்கும் ஜாஸ்தி.

இன்னைக்கு "உக்காந்தே இருக்காதீங்க, நடங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதோட ஆணிவேர் இங்கதான் இருக்கு. ஆனா எனக்கு பிடிச்ச பகுதி இதுக்கு அப்பறம் வருது. "வேற காரணமா இருக்கலாமே?" குண்டா இருக்கறவங்க மொதல்லயே டிரைவர் வேலைக்கு போயிருக்கலாம், ஒல்லியா சுறுசுறுப்பா இருக்கறவங்க கண்டக்டர் ஆகியிருக்கலாம், அப்படின்னா படிக்கட்டுக்கு இதுல வேலையே இல்லயே. இதை எப்படி செக் பண்றது? ஆயிரக்கணக்கான பேரை பழைய தேதிக்கு கூட்டிட்டு போய் எடை பாக்க முடியுமா? மாரிஸ் டீம் யூனிஃபார்ம் ரெக்கார்டை எடுத்தாங்க. கம்பெனி தெச்சு குடுத்த பேன்ட்டோட இடுப்பளவு ஒவ்வொருத்தருக்கும் எழுதி வச்சிருந்தாங்க இல்லையா, அதை எடுத்து பாத்தா சந்தேகம் நிஜம், எந்த வயசுல பாத்தாலும் டிரைவருக்கு இடுப்பு பெருசு, சின்ன வயசு ஆளுங்க கிட்டயே அந்த வித்தியாசம் இருக்கு. 1956ல அதையும் அவங்களே லான்செட்ல போட்டாங்க. தன் முடிவை தானே ஆட்டி பாக்கற வேலை அது. அதுக்கு அப்பறம் இடுப்பளவு வாரியா பிரிச்சு, ஒல்லி டிரைவரை ஒல்லி கண்டக்டரோட, பருமனான டிரைவரை பருமனான கண்டக்டரோட ஒப்பிட்டு பாத்தப்பவும் திடீர் மரணம் கண்டக்டருக்குதான் கம்மியா இருந்துச்சு. அப்பதான் அந்த படிக்கட்டு கதை கொஞ்சம் உறுதியா நின்னுச்சு. தையல்காரர் நோட்டுல இருந்து மருத்துவ ஆதாரம் எடுத்த அந்த மூளை இருக்கே, பிஎச்டின்னா அந்த பழக்கத்துக்கு ட்ரெய்னிங் எடுக்கறதுன்னு வச்சுக்கலாம். மாரிஸ் 99 வயசு வரைக்கும் இருந்தாரு, 2009லதான் இறந்தாரு.

இப்ப லேப் பக்கம் வருவோம். எக்சர்சைஸ் சயின்ஸ்ல ரொம்ப ஃபேமஸான அளவு விஓ2 மேக்ஸ். உடம்பு முழு வேகத்துல வேலை செய்யும்போது ஒரு நிமிஷத்துல அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனை எடுத்து பயன்படுத்த முடியுதுங்கறது, ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லின்னு சொல்வாங்க. சாதாரண இளைஞருக்கு 40, 45 மாதிரி இருக்கும், உலகத்தர லாங் டிஸ்டன்ஸ் ஓட்டக்காரங்களுக்கு 70, 80ன்னு போகும். 1920கள்ல ஏ.வி. ஹில்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி, ஏற்கனவே 1922க்கான நோபல் வாங்கினவரு, புல்தரையில ஆளுங்களை ஓட வச்சு (அவரும் ஓடினாரு) மூச்சை முதுகுல கட்டின பெரிய பைக்குள்ள பிடிச்சு அளந்தாரு. அந்த பைக்கு டக்ளஸ் பேக்னு பேரு, இன்னைக்கும் சில லேப்ல பாக்கலாம்.

இப்ப இந்த டெஸ்ட் எப்படி நடக்குதுன்னா, ஒரு ஆளை டிரெட்மில்ல ஏத்தி மூக்கு வாய் மூடற மாதிரி மாஸ்க் மாட்டுவாங்க, நெஞ்சுல ஹார்ட் ரேட் பெல்ட். நிமிஷத்துக்கு நிமிஷம் ஸ்பீடோ ஏத்தமோ கூடும். மாஸ்க் இருக்கறதால பேச முடியாது, அதனால ஒருத்தர் பக்கத்துல ஒரு அட்டையை பிடிச்சுட்டு நிப்பாரு, 6ல இருந்து 20 வரைக்கும் நம்பர் போட்டிருக்கும், "எவ்வளவு கஷ்டமா இருக்கு"ன்னு கேட்டா ஓடறவர் விரலால தொட்டு காட்டணும். ஏன் 6ல ஆரம்பிக்குதுன்னு எல்லாருமே கேப்பாங்க. குன்னர் போர்க்னு ஒரு ஸ்வீடன் சைக்காலஜிஸ்ட் உண்டாக்கினது இது, அந்த நம்பரை பத்தால பெருக்கினா உத்தேசமா ஹார்ட் ரேட் வர்ற மாதிரி வச்சிருக்காரு, சும்மா இருக்கும்போது 60, உயிர் போற மாதிரி இருக்கும்போது 200. கடைசி ரெண்டு நிமிஷம் ரூம்ல இருக்கற எல்லாரும் "விடாத விடாத, இன்னும் முப்பது செகண்ட்"னு கத்துவாங்க, இறங்கினதும் விரல் நுனியில ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாங்க, ஆள் வாளியை தேடுவாரு.

அந்த கத்தறது இருக்கே, அதுவும் ஒரு பிரச்னைங்கறதுதான் வேடிக்கை. ட்ரெய்னிங்குக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட்ல யாரும் கத்தல, எட்டு வாரம் கழிச்சு எடுத்ததுல பத்து பேர் நின்னு கத்தினாங்கன்னா கூடின நம்பர் ட்ரெய்னிங்கால வந்துச்சா கத்தினதால வந்துச்சா? அது போக, எந்த ட்ரெய்னிங்கும் இல்லாம அதே ஆளை அடுத்த வாரம் கூப்பிட்டு அளந்தாலும் அதே நம்பர் வராது, 50 இருந்தது 51.5 ஆகலாம், 48.5 ஆகலாம், தூக்கம், சாப்பாடு, மெஷின் கேலிபரேஷன், எல்லாம் சேந்து ஆட்டிவிடும். அதனால ஒருத்தருக்கு 50ல இருந்து 52 ஆச்சுன்னா "பயிற்சி வேலை செஞ்சுது"ன்னு துள்ளறதுக்கு முன்னாடி இந்த மெஷினும் இந்த டெஸ்டும் சும்மாவே எவ்வளவு ஆடும்னு தெரிஞ்சிருக்கணும். நிறைய பேரோட மொத வருஷம் இதுலயே போயிடும், ஒரே ஆளுங்களை திரும்ப திரும்ப அளந்து அளவுகோல் நம்பகமானதான்னு பாக்கறது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கும், ஆனா இதை தாண்டினவங்க தீசிஸ்தான் (ஆய்வேடு) பின்னாடி நிக்கும்.

கேள்வியை எப்படி சின்னதாக்கறாங்கன்னு ஒரு கற்பனை ஸ்டூடண்ட வச்சு பாப்போம். சென்னையில கபடி ஆடின ஒரு பொண்ணு, "வெயில் விளையாட்டு வீரர்களை எப்படி பாதிக்குது"ன்னு ப்ரொபோசல் எழுதிட்டு கைடு கிட்ட போறாங்க. கைடு "எந்த வெயில்மா?"ன்னு கேப்பாரு. டெம்பரேச்சர் மட்டும் போதாது, காத்துல ஈரம் இருந்தா வேர்வை காயாது, வேர்வை காஞ்சாதான் உடம்பு குளிரும். அதனால டபிள்யூபிஜிடின்னு ஒரு அளவு வச்சிருக்காங்க, 1950கள்ல அமெரிக்க ராணுவத்துல ட்ரெய்னிங் எடுத்த பசங்க வெயில்ல சுருண்டு விழுந்ததால வந்த அளவு, அதுல ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டருக்கு 70 சதவீதம், கறுப்பு குண்டுக்குள்ள வச்ச தெர்மாமீட்டருக்கு 20 சதவீதம், சாதா காத்து வெப்பத்துக்கு வெறும் 10 சதவீதம்தான் வெயிட். அதனாலதான் வேலூர்ல 38 டிகிரி வறண்ட வெயிலை விட சென்னையில 34 டிகிரி புழுக்கம் மோசமா இருக்கலாம்.

அடுத்து "எந்த வீரர், என்ன பாதிப்பு?" கபடின்னா ரெண்டு பாதி, ஒரு ரெய்டுக்கு 30 செகண்ட், அந்த 30 செகண்ட்ல வெடிக்கற மாதிரி வேகம், நடுவுல சின்ன சின்ன ஓய்வு. அப்ப மாரத்தான்ல கண்டுபிடிச்சதை அப்படியே இங்க தூக்கி போட முடியாது. இப்படி செதுக்கி செதுக்கி கடைசில கேள்வி என்ன ஆகும்னா: 18ல இருந்து 23 வயசு காலேஜ் கபடி வீராங்கனைகள், ஆட்டத்துக்கு அரை மணி முன்னாடி பொடிச்ச ஐஸ் கலந்த ஜூஸ் குடிச்சா, இந்த அளவு புழுக்கத்துல, திரும்ப திரும்ப ஓடற ஸ்பிரின்ட்ல கடைசி சிலதோட வேகம் குறையாம இருக்குமா? மொத கேள்வியோட கம்பீரம் போச்சு, ஆனா இதுக்கு பதில் கிடைக்கும். (ஐஸ் ஏன்னா, அது உருகறதுக்கே உடம்புல இருந்து நிறைய சூடு எடுக்கும், வெறும் ஜில் தண்ணிய விட ஜாஸ்தி.)

சரி எப்படி பண்றது. ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு ஐஸ் இன்னொரு குரூப்புக்கு சாதா தண்ணின்னு குடுக்கலாம், ஆனா ஒரு குரூப்ல நல்ல பிளேயர்ஸ் ஜாஸ்தி விழுந்துட்டா போச்சு. அதனால அதே ஆளுங்க ரெண்டு நாள் வருவாங்க, ஒரு நாள் ஐஸ் ஒரு நாள் தண்ணி, நடுவுல ஒரு வாரம் கேப், யாருக்கு எது மொதல்லன்னு குலுக்கல். இதுக்கு கிராஸ்ஓவர்னு பேரு. மாதவிடாய் சுழற்சில உடம்பு சூடே கொஞ்சம் மாறும், அதனால எந்த நாள்ல டெஸ்ட்னு அதையும் கணக்குல எடுக்கணும். இந்த தொல்லை எதுக்குன்னு ரொம்ப காலம் இந்த துறைல ஆம்பளைங்களை மட்டும் வச்சே ஆராய்ச்சி பண்ணிட்டு அதையே பொம்பளைங்களுக்கும் பொருந்தும்னு எழுதிட்டாங்க. ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் மாரத்தானே 1984லதான் வந்துச்சு, அப்ப ஆராய்ச்சி எங்க இருந்திருக்கும். புதுசா வர்றவங்களுக்கு இங்க செய்ய வேண்டியது மலை மாதிரி கிடக்கு.

இவ்வளவு பண்ணியும் ஒரு ஓட்டை அடைக்க முடியாது, வாயில ஐஸ் இருக்கறது குடிக்கறவங்களுக்கு தெரியும். "இன்னைக்கு ஐஸ் குடிச்சிருக்கேன், நல்லா ஓடுவேன்"ங்கற நினைப்பே ஓட வச்சிருக்கலாம். மாத்திரைன்னா டம்மி மாத்திரை குடுத்து ஏமாத்தலாம், ஐஸுக்கு டம்மி ஐஸ் எங்க போறது. இந்த மாதிரி இடத்துல நல்ல ஸ்டூடண்ட் அதை மறைக்காம தீசிஸ்ல எழுதி, கூடவே உடம்போட உள்சூட்டையும் அளந்து காட்டுவாங்க. அதுக்கு முழுங்கற கேப்சூல் தெர்மாமீட்டர் இருக்கு, வயித்துக்குள்ள இருந்து ரேடியோல டெம்பரேச்சர் அனுப்பும், ஒரு தடவைதான் யூஸ் பண்ண முடியும், விலையை கேட்டா பட்ஜெட் போடறவங்களுக்கு உள்சூடு ஏறும். காதுல வைக்கற தெர்மாமீட்டர் போதாதான்னு கேப்பாங்க, ஓடிட்டு வேர்த்து நிக்கற ஆளுக்கு அதை நம்ப முடியாது.

அனுமதின்னு ஒண்ணு இருக்கு, இதை பேப்பர் வேலைன்னு நினைக்கறவங்கதான் ஜாஸ்தி. மனுஷங்களை வச்சு ஆராய்ச்சி பண்ணா எதிக்ஸ் கமிட்டி ஓகே சொல்லணும், கலந்துக்கறவங்க புரிஞ்சு சம்மதிக்கணும், எப்ப வேணா காரணம் சொல்லாம விலகலாம். ஏட்டுல சுலபம். விளையாட்டுல என்ன ஆகும்னா, கோச் "எல்லாரும் நாளைக்கு மேடம் டெஸ்டுக்கு போங்க"ன்னு சொல்லிடுவாரு, டீம் செலக்‌ஷன் அவர் கையில, எந்த பொண்ணு முடியாதுன்னு சொல்லும்? பார்ம்ல கையெழுத்து இருக்கும், சம்மதம் இருக்காது. அதனால கோச் இல்லாத நேரத்துல தனியா விளக்கி, யார் வந்தாங்க யார் வரலங்கறது கோச்சுக்கு போகாத மாதிரி பண்றதுதான் சரியான முறை. இதெல்லாம் தீசிஸ்ல ரெண்டு பாராதான் வரும், ஆனா ஒருத்தர் ஆராய்ச்சியாளரா இல்ல டேட்டா கலெக்டரான்னு எனக்கு அங்கதான் தெரியும்.

ஆள் எண்ணிக்கை இந்த துறையோட நிரந்தர தலைவலி. நேஷனல் லெவல் போல்வால்ட்காரங்க நாட்டுக்கே விரல் விட்டு எண்ற அளவுதான், அவங்கள்ல நூறு பேரை எங்க போய் பிடிக்கறது? கொஞ்ச பேரை வச்சு பண்ணா சின்ன வித்தியாசம் நிஜமா தற்செயலான்னு பிரிக்க முடியாது. இதை சமாளிக்க 2000கள்ல ஸ்போர்ட்ஸ் சயின்ஸுக்குள்ளயே ஒரு புள்ளியியல் முறை பரவுச்சு, மேக்னிட்யூட் பேஸ்டு இன்ஃபரன்ஸ்னு, கம்மி ஆளுங்களை வச்சே முடிவு சொல்லலாம்னு எல்லாரும் சந்தோஷமா யூஸ் பண்ணாங்க. புள்ளியியல்காரங்க உள்ள பூந்து பாத்து இதுல இல்லாத விளைவை இருக்குன்னு சொல்ற வாய்ப்பு ஜாஸ்தின்னு காட்டினாங்க, 2018ல பெரிய சண்டையே நடந்துச்சு. அந்த முறையை வச்சு தீசிஸ் முடிச்சவங்க நிறைய பேரு. நான் சொல்ல வர்றது, கைடு யூஸ் பண்றாருங்கறதுக்காக ஒரு முறையை எடுக்காதீங்க.

டூரிசம் பக்கம் போனா மெஷின் இல்ல, மாஸ்க் இல்ல, ஆனா கேள்வி அதேதான். 2022 ஜூலை 28ல இருந்து ஆகஸ்ட் 10 வரைக்கும் மாமல்லபுரத்துல 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சே, ரஷ்யால நடக்க வேண்டியது உக்ரைன் போரால நமக்கு வந்தது, 180க்கு மேல நாடுகள். "இதனால ஊருக்கு எவ்வளவு லாபம்?"னு கேட்டா எல்லாரும் உடனே வந்தவங்க எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு செலவு பண்ணாங்க, பெருக்கு, இந்தா கோடின்னுடுவாங்க. பிஎச்டி ஸ்டூடண்ட் அங்க நிறுத்தணும். வந்தவங்கள்ல சிலர் எப்படியும் மாமல்லபுரம் வர இருந்தவங்க, ஒலிம்பியாடுக்காக தேதியை மட்டும் மாத்திக்கிட்டாங்க. சிலர் வேற வேலையா சென்னை வந்தவங்க, இருக்கறதே இருக்கோம்னு எட்டி பாத்தவங்க. சென்னைக்காரங்க அங்க செலவு பண்ண காசு இல்லாட்டி தி.நகர்லயோ தியேட்டர்லயோ செலவு ஆகியிருக்கும், மாநிலத்துக்கு அது புதுக்காசு ஆகாது. ரூம் கிடைக்காது கூட்டமா இருக்கும்னு வராம போன டூரிஸ்ட் இருப்பாங்க, வராதவங்களை எப்படி எண்றது? பெரிய ஹோட்டல்ல கட்டின காசுல எவ்வளவு அந்த ஊர்லயே தங்குச்சு, எவ்வளவு வெளிய கசிஞ்சுச்சு? ஜான் கிராம்ப்டன்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 1995லயே விளையாட்டு நிகழ்ச்சிக்கு லாபக்கணக்கு போடறதுல என்னென்ன வழியில தப்பு பண்றாங்கன்னு வரிசையா எழுதி வச்சுட்டாரு, அப்பவும் உலகம் பூரா இன்னும் பெருக்கல் கணக்குதான் ஓடுது, ஏன்னா கணக்கு கேக்கறவருக்கு பெரிய நம்பர்தான் வேணும்.

எல்லா டூரிசம் ஆராய்ச்சியும் காசுக்கணக்கும் கிடையாது. 1980ல ரிச்சர்ட் பட்லர்னு ஒருத்தர் ஒரு சுற்றுலா தலம் எப்படி வளந்து தேயுதுன்னு ஒரு மாடல் போட்டாரு, மொதல்ல யாரோ சிலர் தேடி வருவாங்க, அப்பறம் ஊர்க்காரங்க கடை போடுவாங்க, அப்பறம் வெளி ஆளுங்க பெரிய முதலோட வருவாங்க, கூட்டம் முட்டும், ஒரு கட்டத்துல தேங்கிடும், அங்கிருந்து ஒண்ணு சரியும் இல்ல வேற வடிவத்துல எழும். படிச்சதுமே நமக்கு ஊட்டி கொடைக்கானல் ஞாபகம் வரும். 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவால ரெண்டு ஊருக்கும் இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000ன்னு வரம்பு வச்சாங்க. ஒரு மலை எவ்வளவு தாங்கும்ங்கறது ரோடு, தண்ணி, குப்பை, பார்க்கிங் கணக்கு மட்டும் இல்லயே, அந்த 6,000ல காட்டேஜ் வச்சிருக்கறவருக்கு ஒரு கணக்கு, சாக்லேட் கடைக்கு ஒரு கணக்கு, சீசன்ல ஆஸ்பத்திரிக்கு போக முடியாம ட்ராபிக்ல நிக்கற உள்ளூர்க்காரருக்கு வேற கணக்கு.

இதுக்கு சர்வே பார்ம் குடுத்து 1ல இருந்து 5 வரைக்கும் டிக் பண்ண சொன்னா எல்லாரும் 4ன்னு டிக் பண்ணிட்டு போயிடுவாங்க. அதனால உக்காந்து பேசணும், மணிக்கணக்கா, ரெக்கார்ட் பண்ணி, அதை வார்த்தைக்கு வார்த்தை டைப் பண்ணி, திரும்ப திரும்ப படிச்சு என்ன விஷயம் வருதுன்னு கட்டணும். ஒரு மணி நேர பேட்டியை டைப் பண்ண அஞ்சாறு மணி நேரம் ஆகும், இது தெரியாம "இன்டர்வ்யூதானே, ஸ்டாடிஸ்டிக்ஸ் வேண்டாம், ஈஸி"ன்னு இதுல குதிக்கறவங்களை பாத்தா பாவமா இருக்கும். இங்கயும் எக்ஸாமினர் கேள்வி மாறாது: நீ பேசினவங்க எல்லாம் யூனியன் தலைவர் அறிமுகப்படுத்தினவங்க தானே, அவருக்கு பிடிக்காதவங்க என்ன சொல்லியிருப்பாங்க?

இனி நடைமுறை, வேகமா சொல்லிடறேன். இந்தியால 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிஎச்டிக்கு குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, பெண்களுக்கு கூடுதல் சலுகை உண்டு. வேலை பாத்துட்டே பார்ட் டைம்ல பண்ணலாம், ஆபீஸ்ல என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) வாங்கணும், பிடி டீச்சர்ஸ் நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க. மொதல்ல கோர்ஸ்வொர்க், அதுல ஆராய்ச்சி நெறிமுறை கட்டாயம். 2024ல இருந்து நெட் (தேசிய தகுதித் தேர்வு) ஸ்கோரை வச்சே அட்மிஷன் குடுக்கலாம்னு ஆக்கியிருக்காங்க, உடற்கல்வி, டூரிசம் ரெண்டுக்கும் நெட்ல தனி பேப்பர் இருக்கு. ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்பறம் 42,000, கூட வீட்டு வாடகைப்படி. முடிச்சதும் தீசிஸ் வெளி எக்ஸாமினர்ஸ் ரெண்டு பேருக்காவது போகும், அப்பறம் வாய்மொழித் தேர்வு, நம்ம ஊர்ல அது ஹால்ல எல்லாரும் உக்காந்து பாக்கறது, டிபன் காபி உண்டு. பிரிட்டன்ல கதவை சாத்திட்டு பெரும்பாலும் ரெண்டு எக்ஸாமினர், ஒரு ஸ்டூடண்ட், ரெண்டு மூணு மணி நேரம் பக்கம் பக்கமா கேப்பாங்க, சொந்தக்காரங்க யாரும் உள்ள வர முடியாது.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, இந்தியால முடிச்ச தீசிஸ் லட்சக்கணக்குல ஷோத்கங்காங்கற வெப்சைட்ல ஃப்ரீயா கிடக்கு, உக்காந்து உடற்கல்வி பிரிவை புரட்டுங்க. "தேர்ந்தெடுக்கப்பட்ட உடலியல் மாறிகள் மீது யோகா மற்றும் எடைப்பயிற்சியின் விளைவு, கல்லூரி மாணவர்களிடையே"ங்கற மாதிரி தலைப்பு வரிசையா வரும். யோகாக்கு பதிலா பிளையோமெட்ரிக்ஸ் (குதிக்கற மாதிரி பயிற்சி), காலேஜ் பசங்களுக்கு பதிலா வாலிபால் பிளேயர்ஸ், பன்னெண்டு வாரம், முன் டெஸ்ட் பின் டெஸ்ட், அன்கோவா, ஷெஃபேன்னு புள்ளியியல் டெஸ்ட், "குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது". பயிற்சி குடுத்தா எதுவுமே பண்ணாம உக்காந்திருந்தவங்களை விட முன்னேறுவாங்கங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்கு எதுக்கு மூணு வருஷம்? எல்லாமே இப்படின்னு சொல்ல மாட்டேன், நடுவுல அருமையான வேலையும் கிடக்கு, கம்மியான வசதில கிரவுண்ட்ல நின்னு பண்ண வேலை. ரெண்டையும் பிரிக்க ஒரு ஷார்ட்கட் இருக்கு. நேரா வரையறைகள் (லிமிடேஷன்ஸ்) பகுதிக்கு போங்க. "மாணவர்களின் உணவு, தூக்கம், வாழ்க்கை முறை கட்டுப்படுத்தப்படவில்லை"ன்னு எல்லார் தீசிஸ்லயும் இருக்கற அதே ரெண்டு வரி இருந்தா மூடிடுங்க. என் அளவுகோல் இவ்வளவு ஆடும், இந்த முடிவுக்கு இன்ன காரணமும் இருக்கலாம், அதை இப்படி செக் பண்ணேன், இதை மட்டும் பண்ண முடியலன்னு ஒருத்தர் விவரமா எழுதியிருந்தா அவரோட கைடு யாருன்னு மொத பக்கத்துல பாத்து குறிச்சுக்கங்க, அந்த கைடு கிட்ட சீட் காலியா இருக்கான்னு விசாரிங்க.